1.2 மில்லிமீட்டர்: ஒரு கேசட் ஆட்டம் செய்து விற்ற கதை

1983-ல் வந்த ஒரு விளையாட்டுக் கருவிக்கு 2024-ல் புது ஆட்டம் எழுதி, அதைக் கேசட்டில் போட்டு விற்றேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இதையெல்லாம் யாருங்க வாங்குவாங்க?” எழுபத்தொரு பேர் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தியாவில் இல்லை. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன். ஆட்டம் எழுதியதைவிட அதைச் சுற்றி நடந்த கூத்துதான் இதில் அதிகம் இருக்கும். எனக்கு நேரம் போனதும் காசு போனதும் அங்கேதான்.

கருவி, நின்டெண்டோவின் ஃபேமிகாம். ஜப்பானில் 1983 ஜூலையில் வந்தது. 1985-ல் வேறு உடம்போடு என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. நம் ஊரில் தொண்ணூறுகளில் நாங்கள் விளையாடியது இரண்டும் அல்ல, அதைப் பார்த்துச் செய்த நகல். அதற்குப் பெயர் டிவி கேம். மஞ்சள் கேசட், மேலே 9999 இன் 1 என்று அச்சடித்திருக்கும், உள்ளே மிஞ்சினால் பத்து ஆட்டம். படம் வராவிட்டால் கேசட்டை உருவி வாயை வைத்து ஊத வேண்டும். கோவை காந்திபுரத்தில் அப்பா வாங்கித் தந்த அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது. இந்த வேலைக்கு அதுவும் ஒரு சோதனைக் கருவியானது.

எனக்குச் சோறு போடுவது பம்ப் மோட்டார் கன்ட்ரோல் பேனலுக்கு ப்ரோகிராம் எழுதும் வேலை. சின்னச் சின்ன சிப்பில், கொஞ்சூண்டு மெமரியில் எழுதிப் பழகிய கை. அதனால் 6502 என்ற பழைய சிப்புக்கு நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழி பயமுறுத்தவில்லை. என்இஎஸ்ஸில் இருப்பது அந்த 6502-ன் தம்பி, வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். பெருக்கல் கிடையாது, வகுத்தல் கிடையாது. மெமரி 2 கேபி, அதாவது 2,048 பைட். அதிலும் ஸ்டாக்குக்கு 256, ஸ்ப்ரைட், அதாவது திரையில் நகரும் படங்களின் பட்டியலுக்கு 256, வேகமாக எட்டும் முதல் பக்கம் 256 என்று ஒதுக்கிவிட்டால் தாராளமாகப் புழங்க 1,280 பைட்தான். இந்தப் பத்தியே அதற்குள் அடங்காது.

என்ன ஆட்டம் செய்வது என்பதில் நான் எடுத்த முடிவு ஒன்றுதான் கடைசிவரை சரியாக இருந்தது: ஆடு புலி ஆட்டம். புலி மூன்று, ஆடு பதினைந்து, புள்ளி இருபத்து மூன்று. யாருடைய உரிமையும் கிடையாது. புகழ்பெற்ற மீசைக்கார பிளம்பரை வைத்து ஆட்டம் செய்து விற்கப் போனால் வக்கீல் நோட்டீஸ்தான் முதலில் வரும். அதோடு, ஓடித் தாவும் ஆட்டங்கள் இந்தக் கருவிக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இன்றைக்கும் ஆட்களைக் கேசட் வாங்க வைக்க வேண்டுமென்றால் வேறு எங்கும் கிடைக்காத சரக்காக இருக்க வேண்டும்.

மேப்பர், அதாவது கேசட்டில் கூடுதல் இடத்தை மாற்றி மாற்றிக் காட்டும் சிப், எதுவும் இல்லாத எளிய போர்டைத் தேர்ந்தெடுத்தேன். ப்ரோகிராமுக்கு 32 கேபி, படங்களுக்கு 8 கேபி, ஆக 40. மார்ஃப்கேட் கேம்ஸ் குழு நான்கு பேர் சேர்ந்து ஆடும் மைக்ரோ மேஜஸ் ஆட்டத்தை இதே நாற்பதுக்குள் அடக்கியிருக்கிறது. அதைப் பார்த்தபிறகு இடம் போதவில்லை என்று புலம்ப வாய் வரவில்லை.

ஆனால் பலகையை வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. திரை முழுக்க 8-க்கு 8 பிக்சல் கட்டங்களால், அதாவது டைல்களால் ஆனது. பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 டைல்தான். உச்சியிலிருந்து நான்கு கோடு விரிந்து இறங்கும் பலகை இது. சாய்ந்த கோடு ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு இடத்தில் வெட்டும், ஒவ்வொன்றும் தனி டைல். பலகை இரு பக்கமும் ஒரே மாதிரிதானே, இடப்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கம் என்று நினைத்தேன். ஸ்ப்ரைட்டைத் திருப்பலாம், பின்னணி டைலைத் திருப்ப முடியாது. முதல் வரைவில் பலகைக்கு மட்டுமே 190 டைல் போய்விட்டது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் கோடுகளின் சாய்வையே மாற்றினேன். வெளிக்கோடு ஒன்றுக்கு ஒன்று, உள்கோடு இரண்டு இறங்கினால் ஒன்று விலகும். இப்போது அதே டைல் திரும்பத் திரும்ப வரும். 46-ல் முடிந்தது. பலகை கொஞ்சம் கோணல்தான். அம்மாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

தமிழ் எழுத்து இன்னொரு வம்பு. 8-க்கு 8-ல் ஆங்கில எழுத்து அழகாக உட்காரும். தமிழுக்கு உயரம் 16 வேண்டும். ‘ஆ’வுக்கும் ‘லி’க்கும் அகலம் 24 கேட்கும், அதாவது ஓர் எழுத்துக்கு ஆறு டைல். தலைப்பை மட்டும் தமிழில் வைத்து, அந்த டைல்களை, படத்துக்கான 8 கேபியில் ஸ்ப்ரைட்டுக்கென்று இருக்கும் பாதியில் மிச்சமிருந்த இடத்தில் ஒளித்து வைத்தேன். தலைப்புத் திரையில் மட்டும் பின்னணி அந்தப் பாதியைப் பார்க்கும். மெனு முழுக்க ஆங்கிலம்தான். வருத்தம்தான், ஆனால் கணக்கு உதைத்தது.

புலியை யோசிக்க வைத்தது எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எங்கே நகரலாம், யாரைத் தாண்டி எங்கே குதிக்கலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே அட்டவணையாகப் போட்டுவிட்டேன். மெமரிதான் பஞ்சம், அட்டவணைக்கு இடம் இருந்தது. ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையை ஒரு தடவை வரையும் நேரத்துக்கு, சிப்பின் துடிப்பு சுமார் 29,780 சைக்கிள் கிடைக்கும். இசையும் படமும் போக மீதியில் கொஞ்சம் யோசித்து, அடுத்த ஃப்ரேமில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்த நேரத்தில் புலி வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆட்டத்தை வாங்கிய ஒருவர் அந்த வாலைத்தான் ரொம்பப் பாராட்டினார். அது காத்திருக்கச் சொல்லும் கடிகாரம் என்று நான் சொல்லவில்லை.

முதலில் ஆடிப் பார்த்தது அம்மா. ஐந்தாவது நிமிஷம், “ஏங்கண்ணு, வெட்டு இருக்கறப்ப புலி ஏன் சும்மா நிக்குது?” என்று கேட்டார். ஆட்டை வெட்டினால் அடுத்த நகர்வில் புலி மாட்டிக்கொள்ளும் என்று ப்ரோகிராம் கணக்குப் போட்டிருக்கும் என்று விளக்கினேன். “மாட்டாதே, மேல வழி இருக்குதே” என்றார். பார்த்தால் இருந்தது. அட்டவணையில் ஒரே ஒரு இணைப்பை நான் விட்டிருக்கிறேன். மூன்று மாதமாக நானே ஆடிக்கொண்டிருந்தும் கண்ணில் படவில்லை. இதிலிருந்து ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள்: ப்ரோகிராம் தெரிந்தவரிடம் சோதனைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஆட்டம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அப்புறம் உண்மையான கருவி. அதுவரை எல்லாம் மெசன் எமுலேட்டரில்தான், அதாவது கணினியிலேயே என்இஎஸ் மாதிரி நடிக்கும் மென்பொருளில்தான் ஓடியது. அமெரிக்காவிலிருந்து பழைய என்இஎஸ் ஒன்றை வரவழைத்தேன். போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை: அதோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் ஊர் பிளக்கில் சொருகினால் புகைதான். அமெரிக்க என்இஎஸ் நம் ஊர் 9 வோல்ட் டிசி அடாப்டரிலும் ஓடும், உள்ளேயே ரெக்டிஃபையர் இருக்கிறது. டிவிக்குப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டப்பா டிவி. தட்டை டிவியில் எல்லாம் தெரியும். டப்பா டிவியில் மேலும் கீழும் சில வரிகள் சட்டத்துக்குப் பின்னால் போய்விடும். என் ஸ்கோர் வரி பாதி காணாமல் போனது அங்கேதான் தெரிந்தது.

ஆனால் என்னை உண்மையிலேயே கிறுக்குப் பிடிக்க வைத்தது வேறு. காலையில் கருவியைப் போடுவேன். தலைப்பு வரும், ஸ்டார்ட் அழுத்துவேன், ஒரு காயும் நகர்வதற்கு முன்னால் புலி வென்றதாகத் திரை வந்துவிடும். மறுபடி ஆடினால் ஒழுங்காக இருக்கும். அணைத்து உடனே போட்டாலும் ஒழுங்காக இருக்கும். மதியம், இரவு, எப்போது சோதித்தாலும் ஒன்றுமில்லை. மறுநாள் காலை மறுபடி புலி வென்றது. எமுலேட்டரில் ஒரு தடவைகூட வரவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. வெட்டுப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கையை நான் ஆட்டம் முடியும்போது பூஜ்யமாக்குகிறேன், தொடங்கும்போது ஆக்கவில்லை. எமுலேட்டரில் அந்தப் பைட் எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்கியது. நிஜக் கருவி ராத்திரி முழுக்க அணைந்து கிடந்து எழும்போது மெமரியில் ஏதோ ஒரு குப்பை இருக்கும். அந்தப் பைட்டில் 136 இருந்தால் புலி 136 ஆட்டை வெட்டிவிட்டதாக அர்த்தம். அணைத்து உடனே போட்டால் பழைய மதிப்பு மெமரியில் இன்னும் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் காலையில் மட்டும். மெசனில் தொடக்க மெமரியைக் கண்டபடி நிரப்பச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டு வைத்திருந்தால் பத்து நாள் மிச்சம். பம்ப் வேலையில் ஒரு பையன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் என்னவெல்லாம் பேசியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டேன்.

அப்பா வாங்கித் தந்த டிவி கேமும் பாடம் எடுத்தது. நம் ஊர் நகல் பெட்டி வினாடிக்கு 50 ஃப்ரேம், அமெரிக்கக் கருவி 60. இசை ஃப்ரேமோடு கட்டியிருந்தால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஃபேமிஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் பார்த்துப் பார்த்துப் போட்ட நாதஸ்வரம் மாதிரியான மெட்டு, அந்தப் பெட்டியில் சளி பிடித்த மாதிரி ஒலித்தது. பல நகல் சிப்புகளில் ஒலியின் குரலைத் தீர்மானிக்கும் 25 சதவீத அலையும் 50 சதவீத அலையும் இடம் மாறியிருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் கேட்டு வளர்ந்த பாட்டெல்லாம் சளி பிடித்த பாட்டுதானா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, கேசட்டுக்கு வருவோம். கருவியின் பின்னைத் தொடும் உலோகப் பட்டையைத்தான் கால் என்கிறேன்: நம் ஊர்க் கேசட்டுக்கு 60 கால், என்இஎஸ்ஸுக்கு 72. கையில் இருந்தது நம் ஊர்க் கேசட் என்பதால் அதை அளந்து போர்டு வரைந்தேன். பிறகு பக்கத்துக்கு ஆறு கால் சேர்த்து 72 ஆக்கினேன். நல்ல காலம், அனுப்புவதற்கு முன் படத்தை நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து ஒரு அசல் என்இஎஸ் கேசட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் பொருந்தினால் மறுமுனை பொருந்தவில்லை. 60 கால் கேசட்டில் காலுக்குக் கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், 72-ல் 2.50. வித்தியாசம் தூசி மாதிரி. ஆனால் ஒரு பக்கத்துக்கு 36 கால், 35 இடைவெளி, மொத்தம் 1.4 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். தப்பித்தோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு நூறு போர்டு ஆர்டர் போட்டேன்.

போர்டு வந்தது. ஆறு மட்டும் சால்டர் செய்து போட்டுப் பார்த்தேன், ஓடியது. சொருகும்போதே கிண்ணென்று இறுக்கமாக உட்கார்ந்தது, தரம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். அன்றைக்கே படம் எடுத்துப் போட்டு முன்பதிவு தொடங்கினேன். முப்பத்தெட்டுப் பேர் பணம் அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து, சும்மா ஒரு பழைய கேசட்டைப் போட்டேன். சிவப்பு விளக்கு வினாடிக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. என்இஎஸ்ஸுக்குள் ஒரு பூட்டு சிப் உண்டு, கேசட்டுக்குள் ஒரு சாவி சிப். இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் இப்படிச் சிமிட்டும். கேசட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன். வேறு கேசட் போட்டேன். அதுவும் சிமிட்டியது. என்னுடைய போர்டு மட்டும் ஜம்மென்று ஓடியது. உள்ளூர ஏதோ பிசைந்தது. வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெர்னியரை எடுத்து, அசல் கேசட்டின் போர்டை அளந்தேன்: 1.2. என் போர்டு: 1.6.

ஆர்டர் படிவத்தில் தடிமன் என்ற கட்டத்தில் 1.6 என்று தானாகவே இருக்கும், நான் தொடாமல் விட்டிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையதுதான். தடித்த போர்டு கருவியின் உள்ளே இருக்கும் பின்களை அகட்டிவிட்டது. இனி மெல்லிய கேசட் போனால் பின் தொடாது. காகிதத்தில் அச்சடித்துப் பார்த்தேனே தவிர, காகிதத்துக்குத் தடிமன் கிடையாதே. அந்த போர்டை முப்பத்தெட்டுப் பேருக்கு அனுப்பியிருந்தால், அவர்கள் நாற்பது வருஷமாகப் பாதுகாத்து வைத்திருக்கும் கருவிகளை நான் கெடுத்திருப்பேன். இந்த வட்டம் சின்னது, ஒருவர் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதோடு என் கடை மூடியிருக்கும்.

அன்று இரவே எல்லாருக்கும் எழுதினேன். என்ன தப்பு, யாருடைய தப்பு, எவ்வளவு தாமதம், வேண்டுமானால் பணம் திரும்பத் தருகிறேன் என்று நான்கே வரி. இரண்டு பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர், 1.6 போர்டு ஒன்றை ஞாபகத்துக்குக் கேட்டார். கருவியில் போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினேன். மறு ஆர்டரில் நான் படிவத்தைக் கட்டம் கட்டமாகப் படித்தேன்: தடிமன் 1.2, கால்களுக்குத் தங்க முலாம், சொருகும் விளிம்பில் சாய்வு. இந்தச் சாய்வு இல்லாவிட்டால் கூரான விளிம்பு பின்னைச் சுரண்டும். முதலில் ஐந்தே ஐந்து போர்டு வரவழைத்து, அளந்து, ஒரு மாதம் சொருகிச் சொருகி எடுத்தபிறகுதான் மீதி. முன்பதிவுப் பணத்தை இனிமேல் சரக்கு கையில் இல்லாமல் வாங்குவதில்லை. அது பெருந்தன்மை இல்லை, தூக்கம் வர வேண்டும் என்பதற்காக.

சிப் விஷயத்தில் இரண்டே வார்த்தை. கருவி 5 வோல்ட். மலிவாகக் கிடைக்கும் ஃபிளாஷ் சிப் பலவும் 3.3 வோல்ட். அதை அப்படியே போட்டால் ஓடத்தான் செய்யும், அதுதான் ஆபத்து. கொஞ்ச நாளில் சிப் போகும், கருவியையும் சேர்த்து வருத்தும். 5 வோல்ட் சிப்பாகத் தேடி வாங்குங்கள். எனக்குப் புதிதாகக் கிடைத்ததில் சிறியதே 128 கேபி. 8 கேபி படத்துக்கு 128 கேபி வீடு. மிச்சமிருக்கும் அட்ரஸ் கால்களை அந்தரத்தில் விடாமல் தரையோடு கட்டிவிட வேண்டும். விட்டால் ஈரக் கையோடு கேசட்டைத் தொட்டாலே படம் கலங்கும். ஆரம்பப் பரீட்சைக்கு சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த, புற ஊதா ஒளியில் அழித்து எழுதும் பழைய ஈப்ராம் சிப்புகளும் போதுமானவையாக இருந்தன, மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்ட மறக்காதவரை. பூட்டுக்கான சாவி சிப் வேலையை எட்டுக் கால் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று பார்த்துக்கொள்ளும். அதற்கான ப்ரோகிராமை ஆர்வலர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். கேசட் ஷெல்லைப் பழைய ஆட்டங்களைக் கொன்று எடுக்காமல் புதிதாகவே வாங்கினேன். பழைய கேசட்டை உடைப்பவர்களைக் கண்டால் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான்.

பெட்டிக்கும் கையேட்டுக்கும் சிவகாசி போனேன். நான் விசாரித்த அச்சகத்தில் ஆயிரத்துக்குக் கீழே பெட்டி அடிக்க முடியாது என்றார்கள். விலையைக் கேட்டபோது ஆசை வந்துவிட்டது. இப்போது வீட்டுப் பரணில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பெட்டி. என் மனைவி அதில் ரப்பர் பேண்ட், மாத்திரை, பழைய சாவி எல்லாம் போட்டு வைக்கிறாள். மறுபடி செய்தால் ஒன்றும் அச்சடிக்காத பொதுப் பெட்டி, மேலே சுற்ற ஒரு வண்ண உறை, நூறு மட்டும். பெட்டியில் நின்டெண்டோ சின்னமோ அவர்களின் தர முத்திரையோ வரக் கூடாது. “இந்தக் கருவியில் ஓடும்” என்று சாதாரண எழுத்தில் ஒரு வரி போதும்.

கையேட்டில் நான் செய்த தப்பு வேறு வகை. ஆட்டத்தின் விதி எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து அரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன். வெளிநாட்டில் சோதித்துப் பார்த்த ஒருவர், ஆடு எப்படித்தான் ஜெயிக்கும் என்று கேட்டார். நகர வழியில்லாமல் புலிகளை அடைக்க வேண்டும் என்ற ஒரு வரியை நான் எழுதவே இல்லை. நமக்குத் திண்ணையில் கிடைத்த அறிவு அவருக்கு எங்கே கிடைக்கும்? கையேட்டைப் படமாகவே திரும்ப வரைந்தேன். தலைப்புத் திரையை முப்பது வினாடி சும்மா விட்டால் ஆட்டம் தானே ஆடிக் காட்டும்படியும் செய்தேன்.

விற்பனை. பலர் கூட்டு நிதி திரட்டிச் செய்கிறார்கள். கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க இந்தியாவில் இருப்பவர்களுக்கு வழியில்லை, அதனால் நேரடி விற்பனைதான். கேசட்டும் பெட்டியும் 45 டாலர், தபால் தனி. ரோம் ஃபைல், அதாவது கேசட்டில் இருப்பதையே எமுலேட்டரில் ஆடக் கோப்பாகத் தருவது, மட்டும் 6 டாலருக்கு, தனி ஆட்கள் ஆட்டம் விற்கும் இட்ச் தளத்தில். ரோமை விற்றால் கேசட் விற்காது என்று சிலர் பயமுறுத்தினார்கள். கேசட் வெளியே போன சில வாரத்தில் எப்படியும் யாராவது ரோமைப் பிரித்தெடுத்துப் போட்டுவிடுவார்கள். நாமே நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவது மேல். கேசட் வாங்கியவர்களில் பலர் ரோமையும் வாங்கினார்கள். கேசட்டை அலமாரியில் வைத்துவிட்டு ரோமில் ஆடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்கு வியாபாரமாக அனுப்ப ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி எண், எடுத்துவிடுங்கள். பான் இருந்தால் இணையத்திலேயே முடியும், கட்டணம் 500 ரூபாய். சுங்கப் படிவத்தில் மதிப்பைக் குறைத்துப் போடு, அன்பளிப்பு என்று எழுது என்று வாங்குபவரே கேட்பார். செய்யாதீர்கள். பார்சல் தொலைந்தால் நீங்கள் எழுதிய மதிப்புக்குத்தான் நஷ்டஈடு பேச முடியும். ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் சின்னப் பார்சலுக்கும் வாட் வரி உண்டு. எனக்கு அது தெரியும், வாங்கியவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஜெர்மனிக்குப் போன ஒரு பார்சலை, ஆர்டர் போட்டவர் வாசலில் வரியும் கையாளும் கட்டணமும் கேட்டார்கள் என்று வாங்காமல் திருப்பிவிட்டார். இரண்டு மாதம் ஊர் சுற்றிவிட்டுக் கசங்கிய பெட்டியோடு என்னிடமே வந்து சேர்ந்தது. அதிலிருந்து விலைக்குப் பக்கத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போடுகிறேன்.

அமெரிக்கா எனக்குப் பாதிக்கும் மேலான சந்தை. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அவர்கள் 2025 ஆகஸ்ட் 29-லிருந்து எல்லா நாட்டுக்கும் நீக்கிவிட்டார்கள். அந்தச் சமயம் இங்கிருந்து அங்கே தபாலில் பார்சல் அனுப்புவதே கொஞ்ச காலம் நின்றது. நான் இரண்டாவது தவணையாக ஐம்பது கேசட் செய்ய சிப் ஆர்டர் போடும் நிலையில் இருந்தேன். நிறுத்தி வைத்தேன். கையில் ஒரே சந்தையை நம்பி நூறு, இருநூறு என்று செய்து அடுக்கியிருந்தால் பரணில் பெட்டியோடு கேசட்டும் சேர்ந்திருக்கும்.

கணக்கு கேட்பீர்கள். 80 கேசட் செய்தேன், பெட்டி கையேட்டோடு ஒன்றுக்கு அடக்கம் சுமார் 1,340 ரூபாய். 71 விற்றது. 1.6 போர்டில் போனது 19,000. திரும்பி வந்தது, மறுபடி அனுப்பியது என்று 9,000. கருவி, டிவி, சிப்பில் எழுதும் ப்ரோகிராமர் கருவி, மெமரி கார்டிலிருந்து ரோமை ஓட்டும் எவர்டிரைவ் கேசட் எல்லாம் சேர்த்து 42,000. பணம் வரும் வழியில் பிடித்தது போக, கேசட்டில் நின்றது 73,000 ரூபாய் வாக்கில். ரோமில் இன்னொரு 65,000. பதினான்கு மாதத்து ராத்திரிகளுக்கு இது. மாதத்துக்குப் பத்தாயிரம்கூட இல்லை. “இந்த நேரத்துக்கு ட்யூஷன் எடுத்திருக்கலாம்” என்று என் மாமனார் சொன்னார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான்.

இப்போது பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் திருப்பூரிலிருந்தும் சிலர் 60 கால் கேசட் கேட்கிறார்கள், நம் ஊர் டிவி கேமுக்கு. 3,700 ரூபாய் என்றால் யார் வாங்குவார்கள்? பெட்டி இல்லாமல், பூட்டு இல்லாததால் சாவி சிப்பும் இல்லாமல், அடக்க விலைக்கு ஒரு பத்து செய்யலாம் என்றிருக்கிறேன். முதல் மாதிரி அம்மாவிடம்தான் இருக்கிறது. போன வாரம் ஊரிலிருந்து வந்த பெரியம்மாவோடு ஆடினார். எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும் என்பதால் அதை மெனுவில் மாற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு அது போதவில்லை. அவர் பிறந்த ஊரில் மூன்று ஆடு இறக்கும்வரை புலி நகரக் கூடாதாம். “அதையும் போட்டுரு சாமி” என்றார். பார்த்தேன், 32 கேபியில் இன்னும் 212 பைட் காலியாக இருக்கிறது.